ரிமோட்டைப் பிடுங்கிய படங்கள்

"மாமா, இந்தப் படத்தை எதுக்கு இவ்வளவு திட்டுறாங்க? சும்மா பார்க்கலாம்தானே?"

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகன் கேட்டான். பதினாறு வயது. 'போர்டர்லாண்ட்ஸ்' என்ற இங்கிலீஷ் படத்தை யாரோ அனுப்பிய கோப்பில், போன் திரையில், இரண்டு இராத்திரியாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்து முடித்திருந்தான். அதில் வரும் வாயாடி ரோபோவை அவனுக்குப் பிடித்திருந்தது. துப்பாக்கிச் சண்டைகளும் பரவாயில்லையாம். அப்புறம்தான் யூடியூப்பில் அந்தப் படத்தைப் பற்றித் தேடியிருக்கிறான். தேடினால் வரிசையாக வசவு. இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை.

"நீ அந்தக் கேமை விளையாடியிருக்கியா?" என்று கேட்டேன்.

"அப்படி ஒரு கேம் இருக்கா?"

இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் ஹட்டனில் அன்றைக்கு மழை விடவில்லை. கரண்டும் போயிருந்தது. ஆகவே நிதானமாகப் பேச நேரம் கிடைத்தது. அவனுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதினால் இப்படி வரும்.

முதலில் அந்தப் படத்துக்கு என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம். 'போர்டர்லாண்ட்ஸ்' 2009இல் வந்த வீடியோ கேம். பண்டோரா என்ற வறண்ட கிரகத்தில் புதையல் தேடி அலையும் கூலிப்படைக்காரர்களின் கதை. மை கொண்டு கோடு இழுத்த சித்திரக்கதை போன்ற தோற்றம், எண்ணி முடியாத துப்பாக்கிகள், இரத்தம், கெட்ட வார்த்தை, கறுப்பு நகைச்சுவை. நாலு பேர் சேர்ந்து விளையாடலாம். அந்த வரிசைக் கேம்கள் உலகம் முழுக்க 7 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கின்றன. படத்தை இயக்கியவர் ஈலை ரோத். கேட் பிளான்செட், கெவின் ஹார்ட், ஜேமி லீ கர்ட்டிஸ் நடித்தார்கள். ரோபோவுக்குக் குரல் ஜாக் பிளாக். பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

படப்பிடிப்பு 2021இல் நடந்தது. படம் வந்ததோ 2024 ஓகஸ்ட்டில். நடுவில் 2023இல் சில பகுதிகளை வேறொரு இயக்குநரை, டிம் மில்லரை, வைத்துத் திரும்ப எடுத்தார்கள். திரைக்கதையில் வேலை செய்த கிரெய்க் மேசின் தன் பெயரையே எடுத்துவிடச் சொல்லிவிட்டார். சமையல்காரர் தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட விருந்துக்குப் போவது மாதிரிதான். 11 கோடி டொலருக்குக் குறையாத செலவு. உலகம் முழுக்க ஓடி வசூலித்தது ஏறத்தாழ 3.3 கோடி டொலர். அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 90 இலட்சம் டொலர்கூட வரவில்லை. விமர்சகர்களின் முதல் தொகுதி வந்தபோது ரொட்டன் டொமேட்டோஸ் தளத்தில் படத்தின் மதிப்பு பூச்சியம். பிறகு மெல்ல ஏறி 10 சதவீதத்தை ஒட்டி நின்றது.

இந்த இடத்தில் மருமகன் தப்பாகப் புரிந்துகொண்ட ஒன்றைத் திருத்த வேண்டியிருந்தது, ஏனென்றால் பலரும் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். 10 சதவீதம் என்றால் சாதாரண தரப் பரீட்சையில் நூற்றுக்குப் பத்துப் புள்ளி எடுத்தது போல என்று நினைத்திருந்தான். அந்தத் தளம் புள்ளி போடுவதில்லை, தலையை எண்ணுகிறது. பத்து விமர்சகர்களில் எத்தனை பேர் 'பார்க்கலாம்' என்றார்கள் என்பதுதான் கணக்கு. எல்லாருமே 'சுமார்தான், ஆனால் பார்க்கலாம்' என்று சொன்னால் அந்தப் படத்துக்கு 100 கிடைத்துவிடும். பாதிப்பேர் தலையில் தூக்கிக் கொண்டாடி, பாதிப்பேர் காறித் துப்பினால் 50. ஆகவே 10 என்பது படம் எவ்வளவு மோசம் என்ற அளவு கிடையாது. கை தூக்க ஆள் இல்லை என்ற செய்தி.

சினிமாஸ்கோர் என்று இன்னொரு கணக்கு இருக்கிறது. முதல் நாள் காட்சி பார்க்க வந்த சனத்திடம் ஒரு சீட்டைக் கொடுத்து, ஏ முதல் எஃப் வரை தரம் போடச் சொல்வார்கள். முதல் நாளே காசு கொடுத்து வருகிறவர்கள் ஏற்கனவே ஆசையோடு வருகிறவர்கள். அவர்கள் தாராளமாகத்தான் போடுவார்கள். அங்கே பி வாங்கினாலே தயாரிப்பாளர் முகம் சுருங்கும். போர்டர்லாண்ட்ஸுக்கு அவர்கள் போட்டது டி பிளஸ். அதாவது விமர்சகர்கள் மட்டும் கைவிடவில்லை, ஓடி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தவர்களும் கைவிட்டார்கள். என்னைக் கேட்டால் இந்த டி பிளஸ்தான் அந்தப் பூச்சியத்தை விடப் பெரிய அடி.

அவர்களுடைய குறைகள் என்ன? கேமில் லிலித் இருபதுகளில் இருக்கும் ஒரு பெண். படத்தில் நடித்த பிளான்செட்டுக்கு எடுக்கும்போதே ஐம்பது தாண்டிவிட்டது. ரோலண்ட் கேமில் இறுக்கமான இராணுவக்காரன். படத்திலோ பகிடிக்குப் பேர்போன கெவின் ஹார்ட். கேம் பெரியவர்களுக்கானது. படத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் பார்க்கும்படி இரத்தத்தைத் துடைத்து, வாயைக் கழுவி அனுப்பினார்கள். மிளகாய் பிடிக்காதவர்களும் சாப்பிடட்டும் என்று சம்பலில் மிளகாயைக் குறைத்த கதை. மிளகாய் பிடிக்காதவர்கள் அப்போதும் வரவில்லை. பிடித்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

சரி, இது ஒரு படத்தின் கதை. ஆனால் முப்பது வருடமாகத் திரும்பத் திரும்ப இதே கதை நடந்திருக்கிறது. நாவலைப் படமாக்கினாலும்தான் சனம் குறை சொல்கிறது. 'பொன்னியின் செல்வன்' 2022இல் வந்தபோது எங்கள் நூலகத்தில் ஒரு மாதம் வேறு பேச்சு இல்லை. அந்தக் காட்சியைக் காணோம், இந்தப் பாத்திரத்தைச் சுருக்கிவிட்டார்கள், என் மனதில் இருந்த வந்தியத்தேவன் இவன் இல்லை என்று ஆளுக்கொரு மனத்தாங்கல். ஆனாலும் அது ஒரு வாசகனின் மனத்தாங்கல். கேம் விளையாடியவனின் கோபம் வேறு இடத்திலிருந்து வருகிறது. அது கையிலிருந்து வருகிறது.

மாசி மாதத்தில் எங்கள் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். மூன்றாம் பிறையில் காமன் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டி எரித்து முடிப்பார்கள். கதை எல்லாருக்கும் தெரியும். மன்மதன் அம்பு விடுவான், சிவன் கண் திறப்பார், மன்மதன் எரிவான், ரதி அழுவாள். யாரும் முடிவை அறிய விடிய விடியக் குளிரில் உட்கார்ந்திருப்பதில்லை. நான் கவனித்தது முன் வரிசையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரைத்தான். அவர் இளமையில் ரதி வேடம் கட்டியவர். தப்பு மேளத்தின் சத்தம் மாறுகிற இடம் வரும்போது, ஆடுகிறவனுக்கு முன்னால் இவருடைய கால் அசையும். ஆடுகிற பொடியன் ஒரு அடி பிந்தினால் இவர் முகத்தில் வலி தெரியும். "அப்படி இல்லடா" என்று முணுமுணுப்பார். அவருக்குக் கதையில் குறை இல்லை. தன் கால் அறிந்த ஒன்றை இன்னொருவன் தப்பாகச் செய்வதைச் சும்மா இருந்து பார்க்க வேண்டியிருக்கிறதே, அதுதான் அவருடைய கஷ்டம்.

கேம் விளையாடியவன் திரையரங்கில் அந்தப் பெரியவர். ஒரு பள்ளத்தை எங்கே தாவினால் தாண்டலாம் என்று அவன் விரலுக்குத் தெரியும், முப்பது தடவை விழுந்து கற்றுக்கொண்டது. லிலித் அவன் பார்த்த பாத்திரம் கிடையாது, அவன் நூறு மணிநேரம் போட்டுக்கொண்டிருந்த வேடம். கேம் செய்கிறவர்களும் இதை அறிந்து, முக்கியப் பாத்திரத்தைச் சற்று வெறுமையாகவே விடுவார்கள். அந்த வெறுமைக்குள் விளையாடுகிறவன் போய் உட்கார்ந்துகொள்வான். படமாக்கும்போது அந்த இடத்தில் ஒரு நடிகரை உட்கார வைத்தே ஆக வேண்டும். உள்ளே இருந்தவன் வெளியே வந்துவிடுகிறான். கேமை ஓட்ட அவன் கையில் வைத்திருந்த ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு, 'இனி நீ பார்த்தால் போதும்' என்கிறார்கள். படம் நல்லதாக இருந்தால் மன்னிப்பான். சுமாராக இருந்தால் மன்னிக்க மாட்டான்.

இதை விளக்க 1993க்குப் போக வேண்டும். மரியோவை நடிகர்களை வைத்துப் படமாக்கினார்கள். பொப் ஹொஸ்கின்ஸ் மரியோ, டெனிஸ் ஹொப்பர் வில்லன். மரியோ கேமை விளையாடிய எவருக்கும் தெரியும்: பச்சைக் குழாய், நாணயம், காளான், வலப்பக்கம் ஓட்டம், அவ்வளவுதான். அதில் கதை என்று சொல்ல ஒரு வரி இருந்தாலே அதிகம். படம் எடுத்தவர்கள் அந்தக் குறையை நிரப்புகிறோம் என்று டைனோசர்கள் பரிணமித்து மனிதரான இருண்ட நகரம் ஒன்றைக் கட்டினார்கள். கேமில் குட்டையாக, காளான் போல நடந்து வரும் கும்பாக்களைத் தடித்த உடம்பும் ஊசித் தலையும் கொண்ட பூதங்களாக்கினார்கள். நாலு கோடி டொலருக்கு மேல் போட்டு, அமெரிக்காவில் இரண்டு கோடி சொச்சம் எடுத்தார்கள். ஹொஸ்கின்ஸ் பல வருடம் கழித்தும் தான் செய்த மிக மோசமான வேலை அதுதான் என்று சொன்னார். கேமைச் செய்த நிண்டெண்டோ நிறுவனமும் சூடுபட்ட பூனையாகி, மரியோவை மறுபடி சினிமாக்காரர்களிடம் கொடுக்க முப்பது வருடம் எடுத்துக்கொண்டது.

அந்தப் படத்தை நான் எப்படிப் பார்த்தேன் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். தோட்டத்தில் ஏதும் விசேஷம் என்றால் காசு சேர்த்து, டவுனிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்து விடிய விடியப் படம் போடுவார்கள். மூன்று தமிழ்ப் படம், நாலாவதாகக் கடைக்காரர் சும்மா தந்த ஒரு இங்கிலீஷ் கேசட். பெரியவர்கள் தூங்கிப்போன பிறகு அதைப் போட்டார்கள். தொப்பியும் மீசையும் வந்ததும் மரியோ என்று பொடியன்கள் எழுந்து உட்கார்ந்தோம். பத்து நிமிடத்தில் ஒருவன் கேட்டான்: "இவன் எப்ப குழாய்க்குள்ள போவான்?" அந்த ஒரு வரியை விடச் சுருக்கமான விமர்சனத்தை அந்தப் படத்துக்கு நான் எங்கும் வாசித்ததில்லை.

அதற்குப் பிறகு வந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லத் தேவையில்லை. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' 1994இல் வந்தது. நோயோடு போராடிக்கொண்டே வில்லனாக நடித்த ரவுல் ஜூலியா படம் வெளிவருமுன் காலமானார். அவருடைய நடிப்புக்காக மட்டும் அந்தப் படத்தை இன்றும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன். 1995இல் 'மோர்ட்டல் கொம்பட்' ஓடியது. சண்டைக் கேமில் சண்டையைக் காட்டினால் போதும் என்று அவர்களுக்கு விளங்கியிருந்தது. 2002இல் தொடங்கிய 'ரெசிடென்ட் ஈவில்' வரிசையை விமர்சகர்கள் ஒருநாளும் விரும்பியதில்லை. ஆனாலும் ஆறு படங்கள் சேர்ந்து 100 கோடி டொலரைத் தாண்டின. கதாநாயகி மிலா யோவோவிச்சின் பாத்திரம் கேமில் கிடையாது. அதனால்தான் தப்பித்தார்கள் என்பது என் எண்ணம். யாருடைய வேடத்தையும் அவர் பறிக்கவில்லை.

ஊவே பொல் பற்றிச் சொல்லாமல் போனால் கதை முழுமையாகாது. இந்த ஜெர்மன் இயக்குநர் 2003 முதல் கேம் ஒன்றை வாங்குவதும் படம் எடுப்பதும் படம் தோற்பதுமாக இருந்தார். அவருடைய 'அலோன் இன் த டார்க்' 2005இல் வந்தபோது முதல் நாள் சனம் எஃப் போட்டது. படம் தோற்றாலும் அடுத்ததற்குக் காசு எங்கிருந்து வந்தது? அந்நாளைய ஜெர்மன் வரிச்சட்டத்தில், படத்தில் முதலிட்ட தொகையை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டி வரியை மிச்சப்படுத்த வழி இருந்தது. முதலீட்டாளருக்குப் படம் ஓடுவது ஒரு இலாபம், ஓடாவிட்டாலும் முழு நட்டம் இல்லை. திரையில் தெரிகிற மோசத்துக்குப் பின்னால் பல நேரம் இப்படி ஒரு கணக்குப் புத்தகம் இருக்கும்.

பொல் வசவை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2006இல் தன்னைத் திட்டிய விமர்சகர்களைக் குத்துச்சண்டைக்கு அழைத்து, மேடை போட்டு, வந்தவர்களை எல்லாம் அடித்து வீழ்த்தினார். 2008இல் அவர் படம் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று இணையத்தில் கையெழுத்து வேட்டை நடந்தது. பத்து இலட்சம் கையெழுத்து வந்தால் நிறுத்துகிறேன் என்றார். வரவில்லை. இவரைப் பற்றி எனக்கு இரண்டு மனம். படங்கள் பார்க்க முடியாதவை. ஆனால் தன்னைத் திட்டியவனின் முகத்தைப் பார்க்க விரும்பிய இயக்குநர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அப்போதெல்லாம் படம் வந்து தோற்ற பிறகுதான் சனம் திட்டும். 2019இல் அந்த வரிசை மாறிப்போனது. ஏப்ரல் கடைசியில் 'சொனிக்' படத்தின் ட்ரெயிலர் வந்தது. நீல முள்ளெலி. சிறு கண்கள், மனிதப் பல்வரிசை, தசை தெரியும் கால்கள். பார்த்தவர்களுக்கு உடம்பு கூசியது. சில நாளிலேயே இயக்குநர் ஜெஃப் ஃபௌலர், உருவத்தை மாற்றுகிறோம் என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். நவம்பரில் வரவேண்டிய படம் 2020 பெப்ரவரிக்குத் தள்ளிப்போனது. கேமில் இருந்த பெரிய கண்ணோடு திரும்பி வந்து 30 கோடி டொலருக்கு மேல் எடுத்தது. முன் வரிசைப் பெரியவர் எழுந்து போய் அடவைத் திருத்திய கதை இது. கேட் பிளான்செட்டுக்கு யாரும் போய்ச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை, இந்த முள்ளெலிக்குச் சொல்ல முடிந்தது.

ஆனால் இரசிகர்களின் வெற்றி என்று இதைக் கொண்டாடும்போது ஒன்றை யாரும் சொல்வதில்லை. அந்த உருவத்தை மறுபடி உட்கார்ந்து வரைந்தவர்களில், கனடாவின் வன்கூவரில் இருந்த எம்பிசி என்ற காட்சியமைப்பு நிறுவனத்தின் கிளையும் ஒன்று. 2019 டிசம்பரில், படம் வருமுன்பே, அந்தக் கிளை மூடப்பட்டது. சொனிக்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தேயிலையின் விலை ஏறினாலும் இறங்கினாலும் கொழுந்து எடுக்கிறவளின் பெயர் எங்கும் வராது. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தச் செய்தி மட்டும் மனதில் தங்கிவிட்டது.

இனி எங்கள் பக்கம். போர்டர்லாண்ட்ஸைப் பார்த்து எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் கோபம் வரவில்லை? கேமை விளையாடாததுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது.

எங்கள் காலத்தில் ஹட்டன் டவுனில் ஒரு கேம் கடை இருந்தது. மாடிப்படி ஏறிப் போக வேண்டும். நாலு டிவி, நாலு பிளேஸ்டேஷன், பிளாஸ்டிக் நாற்காலிகள், யன்னலுக்குக் கறுப்புத் திரை. மணிக்கு நாற்பது ரூபா. டியூஷனுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு ஐந்து பேர் போவோம். ஐந்து பேரிடமும் சேர்த்து ஒரு மணிநேரத்துக்குத்தான் காசு தேறும். ஆக ஒருவன் கையில் ரிமோட், நாலு பேர் நாற்காலிக்குப் பின்னால். 'வைஸ் சிட்டி' கேமில் குறுக்கு வழி திறக்கும் சீட் கோடுகளைச் சீஆர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தவன் மந்திரம் சொல்கிற பூசாரி மாதிரி பக்கத்தில் நிற்பான். "பொலிஸ் வர்றான், திருப்பு, திருப்பு!" என்று பின்னாலிருப்பவர்கள் கத்துவார்கள். பன்னிரண்டு நிமிடம் முடிந்தால் ஆள் மாற வேண்டும். மழைக்குக் கரண்ட் போனால் போனதுதான், கடைக்காரர் காசு திருப்பித் தர மாட்டார்.

கணக்குப் பார்த்தால் நான் கேம் விளையாடிய நேரத்தைப் போல நாலு மடங்கு கேம் பார்த்திருக்கிறேன். என் தலைமுறையில் மலையகத்தில் வளர்ந்த பலருக்கும் இதுதான் கணக்கு. மஞ்சள் கேசட்டை ஊதிப் போடுகிற டிவி கேமை வீட்டில் வைத்திருந்தவன் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வீட்டு வரிசைக்கு, ஒருவன்தான், அவன் வீட்டுத் திண்ணையில் பத்துப் பேர். நாங்கள் முதலிலிருந்தே பார்வையாளர்கள். ரிமோட்டைப் பிடுங்கினால் வலிப்பது கையில் வைத்திருந்தவனுக்குத்தான். நாற்காலிக்குப் பின்னால் நின்றவனுக்கு என்ன போயிற்று? படம் என்பது அவனுக்கு இன்னொருவனின் முறை, அவ்வளவுதான். கொஞ்சம் பெரிய டிவியில்.

இப்படி யோசித்தால் வேறு சிலதும் விளங்குகிறது. 2016இல் வந்த 'வார்க்ராஃப்ட்' அமெரிக்காவில் 5 கோடி டொலரைக்கூட எட்டவில்லை. சீனாவில் மட்டும் 22 கோடி. விமர்சகர்களில் மூன்றில் ஒருவர்கூட அதற்குக் கை தூக்கவில்லை. சீனாவில் அந்தக் கேம் பெரும்பாலும் வளர்ந்தது இன்டர்நெட் கடைகளில், தோளோடு தோள் உட்கார்ந்து. திரையரங்குக்கு அவர்கள் போனது அந்தக் கடையில் இருந்தவர்களோடு மறுபடி ஒன்றாக உட்காரத்தான் என்று நினைக்கிறேன். நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

2023இல் வந்த 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ்' இன்னும் தெளிவான உதாரணம். 2 கோடி டொலரில் எடுத்த படம் 29 கோடிக்கு மேல் வசூலித்தது. விமர்சகர்கள் மூன்றில் இருவர் வேண்டாம் என்றார்கள், முதல் நாள் சனம் ஏ மைனஸ் கொடுத்தது. அந்தக் கேம் புகழ்பெற்றதே யூடியூப்பில் ஒருவர் விளையாடிப் பயந்து அலறுவதை இலட்சக்கணக்கான பிள்ளைகள் பார்த்ததால்தான். அவர்களும் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்கள்தான், உலகம் முழுக்க ஒரே நாற்காலி. அதே வருடம் சித்திரப் படமாகத் திரும்பி வந்த மரியோவுக்கும் இதே பிளவு. விமர்சகர்களிடம் 60 சதவீதத்தைத் தொடவில்லை, வசூல் 136 கோடி டொலர். தஞ்சாவூர்ப் பக்கம் காமன் பண்டிகைக்கு லாவணி பாடுவார்கள். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி, இரவு முழுக்க வாதம் நடக்கும். விமர்சகர்களும் சனமும் இப்போது அப்படித்தான் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் பாட்டு மற்றவருக்குக் கேட்பதில்லை.

2025 ஏப்ரலில் 'மைன்கிராஃப்ட்' வந்தபோது இது உச்சத்துக்குப் போனது. அதன் முதல் ட்ரெயிலரைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள், தலையில் அடித்துக்கொண்டார்கள். படம் வந்ததும் சிரித்தவர்களே டிக்கெட் எடுத்தார்கள். கோழி மேல் ஏறி வரும் குட்டி ஸொம்பி ஒன்று கேமில் அபூர்வமாக வரும். படத்தில் அது வந்து ஜாக் பிளாக் அதன் பெயரைக் கத்துகிற நொடியில் அமெரிக்கத் திரையரங்குகளில் பொடியன்கள் எழுந்து நின்று பொப்கோர்னை வானத்தில் வீசினார்கள். ஒரு இடத்துக்கு உயிருள்ள கோழியையே கொண்டு வந்தார்கள். அமைதியாகப் பார்க்காவிட்டால் வெளியேற்றுவோம் என்று சில திரையரங்குகள் அறிவிப்பு ஒட்டின. படம் 95 கோடி டொலரைத் தாண்டியது.

பொப்கோர்னைக் கூட்டிப் பெருக்கியவர்களை நினைத்தால் எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் செய்தது விளங்குகிறது. ரிமோட்டைப் பிடுங்கிவிட்டார்கள், சரி, படத்தை ஓட்ட முடியாது, திரையரங்கையாவது ஓட்டுவோம் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஹீரோ வரும்போது விசில் அடித்து, காகிதத்தைக் கிழித்து வீசி வளர்ந்த நமக்கு இதில் என்ன புதுமை? எங்கே கத்த வேண்டும் என்று படம் சொல்லும் முன்னே அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அது ஒன்றுதான் புதிது. போர்டர்லாண்ட்ஸில் அப்படிக் கத்துவதற்கு ஒரு இடம்கூட இல்லை.

மலையகத்துக்கு இந்தப் படங்கள் வருகிற விதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொழும்புக்குப் போய்ப் பார்ப்பதென்றால் பஸ் காசு, டிக்கெட், ஒரு பை பொப்கோர்ன் எல்லாம் சேர்ந்து தோட்டத்தில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலை, போட்ட காசைத் தாண்டிவிடும். போர்டர்லாண்ட்ஸ் வந்த அடுத்த மாதம்தான் அந்தப் பேருக்கான அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக உயர்ந்தது. யார் போவார்கள்? எங்களுக்குப் படம் வந்து சேர்வதற்குள் தீர்ப்பு வந்து சேர்ந்துவிடுகிறது. படத்தை ஓசியில் பார்க்கிறவனுக்கு ஏமாந்த உணர்வும் வருவதில்லை, போனது இரண்டு ஜிபி டேட்டாதான். திட்டுகிறவனின் குரலில் பாதி, டிக்கெட் காசின் குரல்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மருமகன் அரை மனதோடு தலையாட்டினான். கரண்ட் வந்ததும் போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே ஃப்ரீ ஃபயர் கேமைத் திறந்தான். அவனுடைய தங்கச்சி தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"டேய், இதைப் படமா எடுத்தா பார்ப்பியா?" என்று கேட்டேன்.

விரல் நின்றது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "அலோக்குக்கு யாரைப் போடுவாங்க? பிளேன்ல இருந்து குதிக்கிறதுதான் முதல் சீன், அதுல மாத்தமே இருக்கக் கூடாது. கடைசியில பூயான்னு வரணும். குளூ வோல் வைக்கிறப்ப அந்தச் சத்தம் இருக்கே, அதே சத்தம் வேணும் மாமா." கொஞ்ச நேரம் யோசித்தான். முகம் இறுகிவிட்டது. "எப்படியும் கெடுத்துருவாங்க."

"எடுத்தா என்னா, நல்லாத்தான் இருக்கும்" என்றாள் தங்கச்சி.